பின்னில் 5 வோல்ட் வரவில்லையா? மைக்ரோகன்ட்ரோலர் வெளியீட்டுப் பின்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாயான் லெப்பாஸில் போர்டுகளைச் சோதித்துப் பார்ப்பதுதான் என் வேலை. வார இறுதியில் பட்டர்வொர்த், பிறைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் பள்ளிக் கண்காட்சிக்கோ பொலிடெக்னிக் இறுதியாண்டுப் புராஜெக்டுக்கோ செய்த போர்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். மற்ற நாளில் வாட்சப்பில் குரல் செய்தி வரும். பத்துக்கு எட்டு கேள்வி ஒரே மாதிரிதான்: “அக்கா, பின்னில் வர வேண்டிய வோல்ட் வரல.” அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, கீழே பதில் சேர்த்திருக்கிறேன். வேறு போர்டு என்று சொல்லாத இடத்திலெல்லாம் 5 வோல்ட்டில் ஓடும் ஆர்டுயினோ ஊனோ போர்டையும் அதிலுள்ள மைக்ரோகன்ட்ரோலரான (நாம் எழுதும் கோடை, அதாவது நிரலை ஓட்டும் சிப்) ஏடிமெகா328பியையும் வைத்துத்தான் பேசுகிறேன். பின் என்றால் சிப்பின் கால். கோடு அதை ஹை ஆக்கினால் மேலே வரவோடும், லோ ஆக்கினால் கீழே கிரவுண்டோடும் (பூஜ்ய வோல்ட் முனை) இணையும்.

ஒரு வேண்டுகோள்: “சரியா வரல” என்று மட்டும் சொல்லாதீர்கள், மீட்டர் காட்டும் எண்ணைச் சொல்லுங்கள். 0.7, 1.7, 2.5, 4.4 ஒவ்வொன்றும் வேறு வேறு கோளாறைக் காட்டிக்கொடுக்கும்.

அக்கா, பின்னை ஹை ஆக்கினா 5 வோல்ட் வரணும்தானே? எனக்கு 4.6தான் காட்டுது. போர்டு போச்சா?

போகவில்லை. முதலில் போர்டில் “5வி” என்று எழுதியிருக்கும் இடத்தை அளந்து பாருங்கள். அங்கேயும் 4.6 என்றால் பின் மீது குற்றமே இல்லை. சிப்புக்கு வரும் மின்சாரத்தைத்தான் பின் வெளியே தருகிறது. வரவைவிட அதிகமாகத் தர அதனிடம் எதுவும் இல்லை.

வரவு ஏன் குறைகிறது? பெரும்பாலும் யூஎஸ்பி கேபிள். பசார் மாலாமில் சில ரிங்கிட்டுக்கு வாங்கிய மெல்லிய கேபிளில் செப்புக் கம்பி மயிரிழை மாதிரி இருக்கும். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, நடுவில் பிளக் தொடும் இடங்கள் எல்லாம் சேர்ந்து அரை ஓம் வந்துவிட்டால் அரை ஆம்பியர் இழுக்கும்போது கால் வோல்ட் வழியிலேயே காலி. போர்டிலுள்ள ஃபியூஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். குட்டையான, தடித்த கேபிளை மாற்றிப் பாருங்கள். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஊனோ சிப்புக்கு 4.5 வோல்ட்டாவது வேண்டும் என்று டேட்டாஷீட் (சிப் தயாரிப்பாளரின் விவரக் குறிப்பு) சொல்கிறது. அதற்குக் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

மீட்டரோட கறுப்பு ஒயரை எங்க வைக்கிறது? சில நேரம் மைனஸ்ல வருது, சில நேரம் எண் ஆடிக்கிட்டே இருக்கு.

எந்தப் போர்டின் பின்னை அளக்கிறீர்களோ அதே போர்டின் கிரவுண்டில். பக்கத்திலிருக்கும் பேட்டரியின் மைனஸிலோ மோட்டார் டிரைவரின் கிரவுண்டிலோ வைத்துவிட்டு எண் சரியில்லை என்றால் அது எதைக் காட்டுகிறது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு தனித்தனி மின்வரவு இருந்து கிரவுண்டுகள் இணைக்கப்படாமல் இருந்தால் எண் கண்டபடி ஆடும். முதலில் அவற்றை இணையுங்கள்.

மீட்டரையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். திருகு ஏசி வோல்ட்டில் இருக்கிறதா, டிசியிலா? உள்ளே 9 வோல்ட் பேட்டரி தீரும் நிலையில் இருந்தால் மலிவு மீட்டர்கள் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். புது 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை அளந்தால் தெரிந்துவிடும். சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில் செருகியபடியே இருந்தால் மட்டும் பின்னைத் தொடவே தொடாதீர்கள். அந்தத் துளைக்குள் இருப்பது ஏறக்குறைய ஒரு வெறும் கம்பி, தொட்ட மாத்திரத்தில் பின் கிரவுண்டோடு ஷார்ட் ஆகிவிடும்.

அப்போ ஹைன்னா சரியா எத்தனை வோல்ட்? லோன்னா பூஜ்யம்தானே?

எதையும் மாட்டாதபோது ஹை என்பது வரவுக்குச் சமம், லோ என்பது பூஜ்யம். மாட்டியதும் இரண்டும் கொஞ்சம் நகரும். பின்னுக்குள் இரண்டு மாஸ்ஃபெட்டுகள் (ஸ்விட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்கள்) இருக்கின்றன. ஒன்று பின்னை வரவோடு இணைக்கும், மற்றது கிரவுண்டோடு இணைக்கும். இரண்டுக்கும் சொந்தமாக ஏறத்தாழ 25 முதல் 40 ஓம் வரை மின்தடை உண்டு. 10 மில்லிஆம்ப் ஓடினால் 0.3 வோல்ட் அங்கேயே நின்றுவிடும்.

டேட்டாஷீட் தரும் உத்தரவாதமும் இதை ஒட்டியதுதான். 5 வோல்ட் வரவில் 20 மில்லிஆம்ப் எடுக்கும்போது ஹை 4.2க்குக் கீழே போகாது, லோ 0.9க்கு மேலே ஏறாது. 40 மில்லிஆம்ப் என்பது ஒரு பின் சாகாமல் தாங்கும் உச்சவரம்பு. அதை “40 வரை எடுக்கலாம்” என்று படிக்கக் கூடாது. எல்லாப் பின்களும் சேர்ந்து சிப்பின் வரவு, கிரவுண்டு வழியே 200 மில்லிஆம்பைத் தாண்டவும் கூடாது.

அடுத்த சிப் இதை ஏற்குமா என்றால், ஏற்கும். இன்னொரு ஊனோவின் பின் வரவில் 60 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 3 வோல்ட்டுக்கு மேல் வந்தாலே ஹை என்று எடுத்துக்கொள்ளும். 1.5க்குக் கீழே லோ. அதனால் 4.7 வருகிறது, 0.2 வருகிறது என்றெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 1.5க்கும் 3க்கும் நடுவில் எது வந்தாலும் காரணத்தைத் தேடுங்கள்.

எல்இடி மாட்டாத வரைக்கும் 5 வோல்ட் இருக்கு. மாட்டினதும் 2 வோல்ட்டுக்கு மேல ஏற மாட்டேங்குது.

ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடை) போடவில்லை. சிவப்பு எல்இடி தன் இரு கால்களுக்கு நடுவே 2 வோல்ட் சுமாருக்கு மேல் விடாது. மீதி 3 வோல்ட்டை யார் சுமப்பது? பின்னுக்குள் இருக்கும் அந்த 30 சொச்சம் ஓம்தான். 3ஐ 30ஆல் வகுத்துப் பாருங்கள், 40 மில்லிஆம்ப் எல்லை எங்கோ பின்னால் நிற்கும். எல்இடி பிரகாசமாகத்தான் எரியும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. பின் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும்.

220 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போடுங்கள். 3 வோல்ட்டை 220ஆல் வகுத்தால் 13 மில்லிஆம்ப் சொச்சம். பின்னில் அளந்தால் 4.6 போல வரும், ரெசிஸ்டருக்கு அந்தப் பக்கம் அளந்தால் 2 வரும். “ரெசிஸ்டர் போட்டும் 2தான் வருது” என்பவர்கள் பாதிப் பேர் எல்இடியின் காலில் வைத்து அளக்கிறார்கள். அங்கே 2 வருவதுதான் சரி.

ரெசிஸ்டர் போட்டாச்சு. ஆனா எல்இடி மங்கலா எரியுது, பின்னில் வெச்சா 1.7 காட்டுது. பக்கத்து பின் நல்லா எரியுதே!

பள்ளிக் கண்காட்சிக்குச் செய்யும் போக்குவரத்து விளக்கில் அடிக்கடி பார்ப்பது இது. மஞ்சளும் பச்சையும் பளிச்சென்று எரியும், சிவப்பு மட்டும் இருட்டில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். எல்இடியை மாற்றுவார்கள், ரெசிஸ்டரை மாற்றுவார்கள், கடைசியில் போர்டையே மாற்றுவார்கள். கோடில் சிவப்பின் பின்னுக்கு மட்டும் பின்மோட் வரி (பின் உள்ளீடா வெளியீடா என்று அறிவிக்கும் வரி) விட்டுப்போயிருக்கும், அல்லது எண் தவறியிருக்கும்.

வெளியீடு என்று அறிவிக்காத பின் உள்ளீடாகவே இருக்கும். உள்ளீடாக இருக்கும் பின்னில் டிஜிட்டல்ரைட் ஹை எழுதினால், இந்தச் சிப்பில் உள்ளேயிருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் (பின்னை வரவை நோக்கி மெல்ல மேலே இழுப்பது) இயங்கும். அதன் மதிப்பு 20 முதல் 50 கிலோஓம். 35 கிலோஓம் என்றே வைத்துக்கொள்வோம். அதன் வழியே எல்இடிக்குப் போவது 0.1 மில்லிஆம்ப்தான். பார்த்தால் எரிவது போல இருக்கும், ஆனால் எரிந்ததாகச் சொல்ல முடியாது.

இதைச் சில நொடியில் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எல்இடியைக் கழற்றிவிட்டு, பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து அளந்து பாருங்கள். உண்மையான வெளியீடு என்றால் 5 மில்லிஆம்ப்தான் போகும், மீட்டர் 4.8க்கும் 4.9க்கும் நடுவே நிற்கும். புல்-அப் மட்டும்தான் என்றால் 0.15 பக்கத்துக்குச் சரிந்து விழும். ரெசிஸ்டர் இல்லாமல் அளந்தால் இரண்டுமே 5 வோல்ட் காட்டும், வெறும் மீட்டரால் பிரித்துச் சொல்ல முடியாது. என் பெட்டியில் ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டரின் இரு முனையிலும் முதலை கிளிப் வைத்து ஈயம் பற்றவைத்தே வைத்திருக்கிறேன். கீழே வரும் பதில்களில் “1கே சோதனை” என்றால் இதுதான்.

ஹைன்னு எழுதினா சரியா பாதி வருது, 2.5. என்னா லா இது?

இரண்டு காரணம் இருக்கலாம், ஒன்று சாதாரணம், இன்னொன்று ஆபத்து. சாதாரணமானது: அனலாக்ரைட் 128 என்று எழுதியிருக்கிறீர்கள். இது பிடபிள்யூஎம். பின் நொடிக்கு 490 முறை முழு 5க்கும் பூஜ்யத்துக்கும் தாவுகிறது (5, 6 எண் பின்களில் 980 முறை). பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே. மீட்டரால் அந்த வேகத்தைப் பின்தொடர முடியாது, சராசரியை எடுத்து 2.5 என்கிறது. பின்னில் எந்த நொடியிலும் 2.5 வோல்ட் இருந்ததே இல்லை. மீட்டரில் அலைவெண் அளக்கும் வசதி இருந்தால் 490 என்று காட்டும்.

ஆபத்தானது: இரண்டு வெளியீடுகள் ஒரே ஒயரில் மோதுகின்றன. உங்கள் பின் மேலே இழுக்கிறது, எதிரே ஒரு சென்சாரின் வெளியீடோ இன்னொரு பின்னோ கீழே இழுக்கிறது. இருவருக்கும் சம பலம் என்றால் நடுவில் நிற்கும். 5 வோல்ட், இரண்டு பக்கமும் சேர்த்து 60 ஓம் என்று கணக்குப் போட்டால் 80 மில்லிஆம்ப். சிப்பின் மேல் விரல் வைத்தால் சூடு தெரியும். ஒயரை ஒரு பக்கம் பிடுங்குங்கள். பின் தனியாக 5க்குத் திரும்பினால் இதுதான் காரணம். இரு பக்கமும் மாறி மாறிப் பேச வேண்டிய ஒயர் என்றால் நடுவில் 1 கிலோஓம் ஒன்றைத் தொடரில் போட்டு வைப்பது நல்லது.

கோடு சரி, பின்மோட் இருக்கு, ஒயரும் இல்ல. ஆனா பின் என் பேச்சைக் கேக்கல.

அந்தப் பின்னை வேறு ஒருவர் பிடித்திருக்கிறார். ஊனோவில் 0, 1 எண் பின்கள் கணினியோடு பேசும் சீரியல் வழி. சீரியலைத் தொடங்கியதும் 1ஆம் பின் சும்மா இருக்கும்போதே ஹையில் நிற்கும். சர்வோ மோட்டாரை ஓட்டும் லைப்ரரியை (தயாராகக் கிடைக்கும் கோடு) சேர்த்தால் 9, 10இல் அனலாக்ரைட் வேலை செய்யாது. டோன் கட்டளை 3, 11இன் பிடபிள்யூஎம்மைக் குழப்பும். எஸ்பிஐ (சிப்புகள் தமக்குள் பேசும் ஒரு வழி) தொடங்கினால் 11, 12, 13 அதன் கைக்குப் போய்விடும்.

போர்டிலேயே ஏதாவது மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம் பினாங்கு நிறுவனமான சைட்ரானின் மேக்கர் ஊனோவில் 2ஆம் பின்னில் பட்டன் உண்டு, 8ஆம் பின்னில் பஸ்ஸர் உண்டு. ஊனோவின் சின்ன வடிவமான நானோவில் 13ஆம் பின்னோடு ஒரு எல்இடி ரெசிஸ்டர் வழியே ஒட்டியிருக்கிறது. அந்தப் பின்னில் புல்-அப் போட்டு 5 எதிர்பார்த்தால் மேலே சொன்ன 1.7 பக்கம்தான் கிடைக்கும்.

எதுவுமே மாட்டல, அப்பவும் 0.3, 1.1ன்னு என்னென்னமோ வருது. கையைக் கிட்ட கொண்டுபோனா மாறுது.

அந்தப் பின் மிதக்கிறது. மேலேயும் இணைப்பில்லை, கீழேயும் இல்லை. சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், உங்கள் உடம்பு, பக்கத்து ஒயர் எல்லாவற்றையும் வாங்கிக் காட்டும். மீட்டரின் 10 மெகாஓம்கூட அதற்கு ஒரு சுமைதான், ஆகவே நீங்கள் பார்க்கும் எண்ணில் மீட்டரின் கையும் இருக்கிறது. 1கே சோதனையில் உடனே பூஜ்யத்துக்கு விழும்.

வெளியீட்டுப் பின்னுக்கும் இந்த நிலை உண்டு. போர்டுக்கு மின்சாரம் வந்த நொடியிலிருந்து உங்கள் பின்மோட் வரி ஓடும் வரை எல்லாப் பின்களும் உள்ளீடுதான். ஊனோவில் பூட்லோடர் (கணினியிலிருந்து கோடை ஏற்றிவைக்கும் சிறு நிரல்) வேறு இடையில் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும். ஆன் செய்ததும் மோட்டார் ஒரு தடவை துள்ளுகிறது என்பவர்கள், மோட்டாரை ஓட்டும் மாஸ்ஃபெட்டின் கேட் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம் ஒன்று போடுங்கள். கோடில் எதை மாற்றினாலும் இது தீராது, கோடு அப்போது ஓடவே தொடங்கவில்லை.

நானோவில ஏ6, ஏ7ல என்ன எழுதினாலும் ஒண்ணும் வரல. ஃபிரெண்டோட இஎஸ்பி32ல 34, 35ம் அப்படித்தான்.

அவை வெளியீட்டுப் பின்களே அல்ல. ஏ6, ஏ7 அனலாக் உள்ளீடு மட்டும். இஎஸ்பி32 என்ற 3.3 வோல்ட் சிப்பில் 34 முதல் 39 வரை உள்ளீடு மட்டும், உள்ளே புல்-அப்கூடக் கிடையாது. 6 முதல் 11 வரை ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போகின்றன, தொட்டால் போர்டு தொங்கிவிடும். 0, 2, 5, 12, 15 பூட் ஆகும் நேரத்தில் சிப் பார்த்துக்கொள்ளும் பின்கள். 12ஐ வெளியே ஏதாவது மேலே இழுத்தபடி ஆன் செய்தால் ஃபிளாஷின் வோல்ட்டேஜையே தவறாக எடுத்துக்கொண்டு கிளம்பாமல் நிற்கும்.

மற்றக் குடும்பங்களிலும் இப்படி விதிவிலக்கு உண்டு. எஸ்டிஎம்32எஃப்103இல் பிசி13 முதல் 15 வரை 3 மில்லிஆம்ப்தான் எல்லை, அதுவும் உள்ளிழுக்க மட்டும். அதனால்தான் புளூ பில் போர்டின் எல்இடி லோவில் எரிகிறது. ஏடிமெகா32 வைத்திருப்பவர்களுக்கு பிசி2 முதல் பிசி5 வரை அசையவில்லை என்றால் ஜேடேக் (சிப்பைச் சோதிப்பதற்கான வழி) இன்னும் அணைக்கப்படவில்லை. அதே சிப்பில் அனலாக் பகுதிக்கான வரவான ஏவிசிசி காலுக்கு 5 வோல்ட் கொடுக்க மறந்தால் போர்ட் ஏ முழுவதும் அரைகுறையாக நடக்கும். பிஐசி16எஃப்877ஏவின் ஆர்ஏ4, பழைய 8051 வகையின் போர்ட் 0 இரண்டும் ஓபன்-டிரெய்ன். அவற்றுக்குக் கீழே இழுக்கத்தான் தெரியும். மேலே தூக்க வெளியே 10 கிலோஓம் நீங்கள்தான் போட வேண்டும்.

இஎஸ்பி32ல 3.3தான் வருது. 5 ஆக்க வழி இருக்கா?

பின்னுக்குள் வழி இல்லை, அந்தச் சிப் ஓடுவதே 3.3இல். முதலில் எதிர்ப்பக்கம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். 5 வோல்ட் ஊனோ 3க்கு மேல் வந்தால் ஏற்கும் என்று முன்பே பார்த்தோம், அங்கே 3.3 போதும். டபிள்யூஎஸ்2812பி விளக்குப் பட்டை வரவில் 70 விழுக்காடு கேட்கிறது. 5 வோல்ட்டில் ஓட்டினால் 3.5. அதனால்தான் சில நாள் ஒழுங்காக எரிந்து சில நாள் நிறம் மாறிக் கூத்தாடுகிறது. நடுவில் 74எச்சிடி வரிசைச் சிப் ஒன்றைப் போட்டு அதை 5 வோல்ட்டில் ஓட்டுங்கள். அதற்கு உள்ளே 2 வோல்ட் வந்தாலே ஹை, வெளியே முழு 5 தரும். கடையில் கேட்கும்போது எச்சிடி என்று அழுத்திச் சொல்லுங்கள். வெறும் எச்சி என்றால் அதுவும் 3.5 கேட்கும், காசு வீண். இஎஸ்பி32 பின்னில் 5 வோல்ட் புல்-அப் போட்டு மேலே தூக்குவது வேண்டாம், அது 5ஐத் தாங்கும் என்று தயாரிப்பாளர் உத்தரவாதம் தரவில்லை.

ரிலே ஆன் ஆகுது, ஆனா அணைய மாட்டேங்குது. பின்னில் ஹை 3.3 ஒழுங்கா வருது.

பின் சரி, ஜோடிதான் பொருந்தவில்லை. லோவில் இயங்கும் 5 வோல்ட் ரிலே போர்டில் உள்ளீட்டுக்கு அந்தப் பக்கம் பிஎன்பி டிரான்சிஸ்டர் ஒன்று 5 வோல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். ஊனோ 5 கொடுத்தால் இரு பக்கமும் சமம், அணையும். இஎஸ்பி32 3.3 கொடுத்தால் நடுவில் 1.7 வோல்ட் மிச்சம். டிரான்சிஸ்டர் திறந்திருக்க 0.7 போதும், ஆகவே அணையாது. ஆப்டோகப்ளர் (ஒளி வழியே சைகையைக் கடத்தும் சிப்) வைத்த போர்டுகளில் இரண்டு எல்இடிகள் வரிசையாக நிற்பதால் இந்த 1.7 பெரும்பாலும் போதாது, அவை தப்பிக்கும்.

அணைப்பதற்காகப் பின்னை உள்ளீடாக மாற்றும் ஒரு தந்திரம் சுற்றி வருகிறது. வேலை செய்வது போலத் தெரியும், ஆனால் ரிலே போர்டின் 5 வோல்ட் அப்போது பின்னை 3.3க்கு மேல் தூக்கப் பார்க்கும். நடுவில் ஒரு பிசி547 டிரான்சிஸ்டரைப் போட்டு, கோடில் ஹை-லோவைத் தலைகீழாக்கிவிடுங்கள். சில சென்தான் செலவு.

அந்த டிரான்சிஸ்டரைத்தான் போட்டேன். இப்ப பின்னில் 0.8தான் வருது!

பேஸ் ரெசிஸ்டர் எங்கே? எல்இடி கதைதான் இதுவும். பேஸ் 0.7, 0.8க்கு மேல் விடாது. 1 கிலோஓம் தொடரில் போடுங்கள். மாஸ்ஃபெட் என்றால் பின்னில் முழு 5 வந்தும் மோட்டார் சோம்பலாகச் சுற்றலாம். ஐஆர்எஃப்இசட்44என் முழுதாகத் திறக்க 10 வோல்ட் பழக்கம், ஐஆர்எல்இசட்44என் வாங்கினால் 5 போதும்.

ஸ்கோப்பில் பார்த்தேன், அரை வோல்ட்தான் இருக்கு. மீட்டரில் 5.

ஆசிலோஸ்கோப்பின் தொடுமுனையான புரோபில் உள்ள சிறு ஸ்விட்ச் 10 மடங்கில் இருக்கிறது, ஸ்கோப்பின் மெனு 1 மடங்கில். இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

யூஎஸ்பியைப் பிடுங்கிட்டேன். ஆனாலும் பின்னில் 4 வோல்ட்டுக்கு மேல இருக்கு, பவர் லைட் வேற எரியுது. பேய் பிடிச்ச மாதிரி!

தனி அடாப்டரில் ஓடும் ஏதோ ஒன்று இன்னும் ஒயரில் மாட்டியிருக்கிறது. புளூடூத் மாட்யூல், ஜிபிஎஸ், இன்னொரு போர்டு, எதுவாகவும் இருக்கலாம். அதன் வெளியீடு 5 வோல்ட்டில் நிற்கிறது. உங்கள் பின்னுக்குள் பாதுகாப்புக்காக வரவை நோக்கி ஒரு டையோடு இருக்கிறது. பின்னில் வந்த 5 அந்த டையோடு வழியே போர்டின் வரவுக்குள் ஏறி, 0.6 சுமாரைத் தின்றுவிட்டு 4.4 ஆகப் போர்டையே ஓட்டுகிறது. பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தவன் முன்ஹால் விளக்கைப் போட்ட கதை.

வேடிக்கையாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். பின்னில் வரவைவிட 0.5 வோல்ட்டுக்கு மேல் அதிகம் வரக் கூடாது என்பது டேட்டாஷீட்டின் உச்சவரம்பு, அந்தப் பாதுகாப்பு டையோடு ஒரு போர்டை ஓட்டும் மின்னோட்டத்துக்குச் செய்யப்பட்டதல்ல. ரீசெட் அடித்தும் சிப் கிளம்பாமல் அரை உயிரில் நிற்பதற்கும் இது காரணமாகலாம். எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்விட்சில் மின்சாரம் கொடுங்கள். முடியாவிட்டால் அந்த ஒயரில் சில கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போடுங்கள்.

மோட்டார் ஓடும்போது மட்டும் லோ பின்னில் 0.5 வருது. நிறுத்தினா பூஜ்யம். அந்தப் பின் மோட்டாரோட இல்லவே இல்ல!

இது நல்ல கேள்வி. பின் இன்னும் பூஜ்யத்தில்தான் இருக்கிறது, நகர்ந்தது கிரவுண்டு. மோட்டாரின் மின்னோட்டமும் சிப்பின் மின்னோட்டமும் ஒரே மெல்லிய ஒயர் வழியே பேட்டரிக்குத் திரும்புகின்றன. பிரெட்போர்டின் தொடுமுனைகள், ஜம்பர் ஒயர் எல்லாம் சேர்ந்து கால் ஓம் இருந்து, மோட்டார் 2 ஆம்பியர் இழுத்தால் அந்தத் துண்டில் அரை வோல்ட் நிற்கும். சிப்பின் “பூஜ்யம்” பேட்டரியின் பூஜ்யத்தைவிட அரை வோல்ட் உயரத்தில் மிதக்கும். மீட்டரின் ஒரு ஒயரைச் சிப்பின் கிரவுண்டுக் காலிலேயே வையுங்கள், மற்றதைப் பேட்டரி மைனஸில் வையுங்கள். அங்கே 0.5 தெரிந்தால் காரணம் கையில்.

மோட்டாரின் திரும்பும் ஒயரைத் தனியாக, தடிப்பாக, நேரே பேட்டரிக்குக் கொண்டுபோங்கள். பிரெட்போர்டு வழியே மோட்டார் ஓட்டாதீர்கள். நீளமான பிரெட்போர்டு சிலவற்றில் ஓரத்துச் சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் விட்டுப்போயிருக்கும், உள்ளே தகடும் அங்கே துண்டாகத்தான் இருக்கும். பாதிப் போர்டில் 5 இருந்து மீதிப் பாதியில் இல்லாவிட்டால் அங்கே ஒரு ஒயரால் பாலம் போடுங்கள்.

பிக்கோ 2ல ஒரு பின்னை ஹை ஆக்கிட்டு, அப்புறம் புல்-டவுனோட உள்ளீடா மாத்தினேன். பூஜ்யத்துக்கு வராம 2 வோல்ட்டுக்கு மேல நிக்குது. நான் எதை மறந்தேன்?

எதையும் மறக்கவில்லை. பிக்கோ 2இல் இருக்கும் ஆர்பி2350 சிப்பின் முதல் பதிப்புகளில் இருந்த கோளாறு இது, தயாரிப்பாளரே பிழைப்பட்டியலில் இ9 என்று எண் கொடுத்து ஒப்புக்கொண்டிருக்கிறார். உள்ளீட்டு நிலையில் பின் நடு வோல்ட்டேஜுக்கு வரும்போது சிப்புக்குள்ளிருந்து கசியும் மின்னோட்டத்தை உள்ளே இருக்கும் பலவீனமான புல்-டவுனால் (கிரவுண்டை நோக்கி இழுக்கும் ரெசிஸ்டர்) இழுத்துக் கீழே கொண்டுவர முடியவில்லை, ஏறத்தாழ 2.2 வோல்ட்டில் மாட்டிக்கொள்ளும். வெளியே 8.2 கிலோஓம் அல்லது அதற்குக் குறைந்த ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்குப் போட்டால் இறங்கும். வெளியீடாக ஓட்டும்போது இந்தத் தொல்லை இல்லை. பிந்தைய ஏ4 பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள்.

எல்லாம் பார்த்தாச்சு அக்கா. பின் உண்மையிலேயே செத்துப்போச்சான்னு எப்படி உறுதி பண்றது?

பின்னிலிருந்து எல்லா ஒயரையும் பிடுங்குங்கள். லைப்ரரி எதுவும் இல்லாத சின்னக் கோடு ஒன்றை ஏற்றுங்கள்: பின்மோட் வெளியீடு, 5 நொடி ஹை, 5 நொடி லோ. ஹையில் இருக்கும்போது 1கே சோதனையைக் கிரவுண்டுக்குச் செய்யுங்கள், லோவில் இருக்கும்போது அதே ரெசிஸ்டரை 5 வோல்ட்டுக்கு மாற்றிச் செய்யுங்கள். நல்ல பின் 4.8க்கு மேலும் 0.2க்குக் கீழும் காட்டும். பக்கத்துப் பின்னையும் அதே மாதிரி அளந்து ஒப்பிடுங்கள், மீட்டரின் குறை இருந்தால் இரண்டிலும் ஒன்றாகவே தெரியும்.

ஹை சரியாக இருந்து லோவில் மட்டும் 1கேவோடு 5 வோல்ட்டிலேயே நின்றால் கீழ் மாஸ்ஃபெட் போயிருக்கிறது, தலைகீழாக இருந்தால் மேல் மாஸ்ஃபெட். இரண்டு நிலையிலும் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் மாற்றி மாற்றி வைத்தும் ஒரே எண் என்றால், அது பூஜ்யம் பக்கமோ 5 பக்கமோ, உள்ளே ஷார்ட். மாஸ்ஃபெட் அறுந்த பின் ஒன்றுதான் என்றால் அதை ஒதுக்கிவிட்டு வேறு பின்னுக்கு மாறுங்கள், சிப் வருடக்கணக்கில் ஓடும். ஷார்ட் ஆகி, சும்மா இருக்கும்போதே சிப் சுடுகிறது என்றால் சிப்பை மாற்றுங்கள். சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் 28 கால் ஊனோ என்றால் தட்டையான ஸ்குரூடிரைவரால் இரு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினால் கழன்றுவிடும். புதுச் சிப் வாங்கும்போது பூட்லோடர் ஏற்றியதாகக் கேட்டு வாங்குங்கள். மாட்டும் முன் பழைய சிப்பைக் கொன்ற ஒயர் எது என்று கண்டுபிடித்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமையும் வருவீர்கள்.